செவந்தியின் 'செ'

"உங்க பேருக்கு முன்னால அப்பா இனிஷியல் மட்டும் நிக்குதே, அம்மா எங்க போனாங்க?" என்று அரசியல் தத்துவ வகுப்பில் பேராசிரியர் ஞானவரதன் கேட்ட நாளிலிருந்து, கயற்கண்ணி அவருக்கு எழுதும் கட்டுரைகளில் மட்டும் அம்மா செவந்தியின் 'செ'வைப் போட்டுவந்தாள். அவர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'சபாஷ்' என்று எழுதுவார். பல்கலைக்கழகத்தின் மற்ற ஏடுகளிலெல்லாம் அப்பாவின் 'ம'தான். விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு மறியல் செய்தவர்களை நீக்கிய பட்டியல் ஒரு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் தொங்கியது. "மூஞ்சிய மூடியிருந்தும் யாருடி நம்மளப் போட்டுக் குடுத்தது?" என்று தோழி அழுதாள். கயற்கண்ணி பட்டியலில் மேலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். ஏழாவது பெயர் 'செ. கயற்கண்ணி' என்றிருந்தது. அம்மாவைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு நின்றாள்.