படத்துக்கு ஒரு ஆடு

பழுகாமத்தில் மேனுகாவின் வாசலில் லோன் கொம்பனியின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆடு வாங்கக் கடன் எடுத்தவர்கள் ஆட்டோடு நின்று படம் எடுத்தால்தான் அடுத்த கடன் கிடைக்கும். மேனுகா கறுத்த ஆடு ஒன்றை இழுத்து வந்தாள். அது வர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"வளத்த ஆடு உங்களுக்கே வெருளுதே அக்கா?" என்றான் கொம்பனிக்கார உதயரூபன்.

"உங்கட ஹெல்மெட்டக் கண்டுதான் சேர்."

"பேர் என்ன?"

"லெச்சுமி."

அவன் சிரிக்கவில்லை. படத்தை எடுத்துவிட்டு, போனில் வேறொரு படத்தைக் காட்டினான். "இது காலையில கண்ணகையக்காட வீட்ட எடுத்தது."

நெற்றியில் அதே வெள்ளைப் பொட்டு. அதே கிழிந்த காது.

"அங்க இதுக்குப் பேர் ராணி."

மேனுகா கூனிக்குறுகிப் போனாள். ஆட்டுக் காசு, வந்த அன்றே இன்னொரு கொம்பனியின் பழைய கடனுக்குப் போய்விட்டது.

"கண்ணகையக்காட ஆட்டத்தான் இரவல் வாங்கினன் சேர். குறை நினைக்காதங்க."

"அவவுக்கும் இரவல்தானாம்."

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு விதுர்ஷா தலைசீவி, நல்ல சட்டை போட்டுக் காத்து நின்றாள். அவள் கண் ஆட்டின் மேலேயே இருந்தது.

உதயரூபன் நிலத்தைப் பார்த்தபடி கயிற்றுக்குக் கை நீட்டினான்.

"ஆடில்லாத படம் அனுப்பினா என்ட வேலை போயிரும். தாங்க அக்கா, அடுத்த வீட்டுக்கு நானே கொண்டு போறன்."