பூட்டிக்கொண்ட பட்டை

பொல்லாத இடுப்புப் பட்டை அது. உயரத்தில் தொங்குபவரின் நெஞ்சு படபடத்தால் போதும், சிவப்பு விளக்கைப் போட்டுப் பூட்டிக்கொள்ளும். படபடப்பு அடங்கினால்தான் கீழே இறக்கும்.

முப்பதாவது மாடியில், அமுதினியின் மேசைக்கு நேரே, கண்ணாடி துடைக்க வந்தவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டு தொங்கினார். நுரையை அள்ளித் தன் முகத்துக்கு நேரே கண்ணாடியில் அப்பினார், அது வழிந்துவிட்டது. அவர் அவளுடைய அப்பா செல்லையா.

"பாவம், பயந்துட்டாரு. தெரிஞ்சவரா?" என்றாள் பக்கத்து மேசை ரெஹானா.

உயரத்துக்குப் பயப்படுகிறவரா அப்பா? அவர் இன்ஜினியர் என்று அவள் அலுவலகத்தில் அளந்துவிட்டிருந்தது அவருக்கும் தெரியும்.

"யாரோ," என்று எழுந்துபோய்த் திரையை இழுத்துவிட்டாள்.

மறுகணமே திரைக்கு அப்பால் சிவப்பு பச்சையானது. கயிற்றில் தொங்கிய நிழல் இறங்கத் தொடங்கியது.

"அப்பாடா, பயம் தெளிஞ்சிருச்சு," என்றாள் ரெஹானா.

எந்த முகத்தை வைத்துக்கொண்டு அமுதினி இன்று வீட்டுக்குப் போவாள்?