பெருமாள் உண்டியல்

சாமி மாடத்தின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தான் தசரதன். நேற்று வரை சாமிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

"கும்பிட்டது போதுங்க. எஸ்.டி.டி. பூத்துல போய் காருக்குச் சொல்லிட்டு வாங்க" என்றாள் அவன் மனைவி சந்திரகலா. அவள் மடியில் குழந்தை மணிமொழி அனலாய்க் கொதித்தாள். காலையில் பார்த்த டாக்டர், "இன்னைக்கே வேலூர் கொண்டுபோங்க, தள்ளிப்போட்டா ஆபத்து" என்று சொல்லிவிட்டார்.

காருக்குச் சொல்லிவிட்டு வந்தவன் மறுபடியும் மாடத்தின் முன்னால்தான் போய் நின்றான். அங்கே மஞ்சள் துணி சுற்றிய தகர உண்டியல் இருந்தது. அதை ஏறிட்டுப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

தசரதனுக்கு ஓட்டைக் கை. அரிசி மண்டியில் சனிக்கிழமை வாங்கும் கூலி பரோட்டா, சினிமா, சிநேகிதர்களுக்கு டீ என்று திங்கட்கிழமைக்குள் பறந்துவிடும். சந்திரகலா வீட்டில் எங்கே காசை ஒளித்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான்.

இந்தத் திருப்பதி உண்டியலை மட்டும் வெகுநாள் தொடவில்லை. பூக்கட்டி விற்கும் காசை அவள் தவறாமல் அதில் போடுவாள். "என்னடி வேண்டுதல்?" என்று கேட்டால், "வெளிய சொன்னா பலிக்காதுங்க" என்பாள். இரண்டு புரட்டாசி வந்துபோயும் அவள் திருப்பதிப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் போன ஆடியில் துடைப்பக் குச்சியை உள்ளே விட்டான். முதலில் ஒரே ஒரு நோட்டு. அப்புறம் கை பழகிவிட்டது. இப்போது உள்ளே கிடப்பது வெறும் சில்லறை.

ஏழுமலையான் வட்டியோடு வசூலித்துவிடுவார் என்று ஊரே சொல்லும். வட்டிக்குக் குழந்தையையா கேட்பார்? அண்ணாமலையார் ஊரில் பிறந்துவிட்டுப் பெருமாளிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அப்பனே, திருடினது நான். என்னை எடுத்துக்கோ. இனிமே வெளிய ஒரு டீ கூட குடிக்கமாட்டேன்" என்று முணுமுணுத்தான்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. சந்திரகலா குழந்தையை அவன் தோளில் போட்டுவிட்டு, எட்டி உண்டியலை எடுத்தாள்.

"தொடாத கலா. சாமி காசு அது, பொல்லாதது. மண்டி முதலாளி கால்ல விழுந்தாவது பணம் வாங்கியாறேன்."

அவள் மஞ்சள் துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"இது சாமி காசு இல்லீங்க, பாப்பாவுக்கு ஒண்ணுன்னா வேணும்னு சேத்தது. மஞ்சத்துணி சுத்தினது உங்களுக்குப் பயந்து."