சோற்றில் உப்பு

வடகவுஞ்சி சுகாதார நிலையத்தின் சன்னலில் மூடுபனி வழிகிறது. காபித் தோட்டத்தின் பழைய சூப்பர்வைசர் தேவசகாயத்தின் கையில் பிரஷர் பட்டை புஸ்ஸென்று தளர்கிறது. நூற்றுத் தொண்ணூறு. நர்ஸ் ஜோதிமணி சுவர்ப்படத்தில் பென்சிலை வைக்கிறாள். "கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜென்னு ஒரு புரதத்தை ரத்தத்துல விடுதுங்க. சிறுநீரகத்துலேர்ந்து வர்ற நொதி அதை ஒரு வெட்டு வெட்டும். நுரையீரல்ல இன்னொரு வெட்டு. அதுக்கப்புறம் ரத்தக்குழாய் இறுகிரும், உடம்பு உப்பை விடாமப் பிடிச்சுக்கும்." தேவசகாயம் படத்தையே பார்த்தபடி கேட்கிறார். "நான் என்னம்மா செய்யணும்?" இதே குரல்தான். தோட்டத்தில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுகையில் எல்லோர் முன்னாலும், சின்னப் பெண்ணாக அவள் அப்பாவின் வேட்டியைப் பிடித்து நிற்கும்போதே, "ஏலே அழகையா, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று தினமும் கேட்ட குரல். வாசல் பெஞ்சில் அந்தத் தோட்டத்து ஆட்கள் நான்கைந்து பேர் காத்திருக்கிறார்கள். ஜோதிமணி சீட்டில் எழுதியதை அவர்களுக்கும் கேட்கும்படி நிறுத்தி வாசிக்கிறாள். "இனிமே நீங்க சோத்துல உப்புப் போட்டுத் திங்கக் கூடாதுங்க." பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றுகிறார்கள். சட்டைக் கையை இறக்கிவிட மறந்து அவர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்க்கிறார். "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" சீட்டை நீட்டியபடி அவள் சொல்கிறாள், "அழகையா மகளுங்க."