பொய் மீசை

என் மனைவி லொரெட்டாவின் கல்லறைமேல் ஆணை. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

என் மகன் கர்டிஸ் பேஸ்பாலில் பந்து வீசுபவன். வீட்டுக் கொட்டகையில் வீசினால் பந்து பலகையைத் துளைத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் நிற்கிற மாட்டுக்குப் பயத்தில் பால் வற்றிவிடும்.

எங்கள் அயோவா அணிக்காக ஆடும்போது மட்டும் கை வராது.

பயிற்சியாளர்கள் அவன் பிடியை மாற்றினார்கள். கால் வைப்பதை மாற்றினார்கள். காலைச் சாப்பாட்டைக்கூட மாற்றினார்கள். கடைசியில் பதிலுக்கு ஓர் இடதுகைப் பந்துவீச்சாளனையும் ஒரு புல்வெட்டும் வண்டியையும் வாங்கிக்கொண்டு, அவனை ஒஹையோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள்.

நான் ஓர் ஆட்டம் தவறவிட்டதில்லை. பந்து பிடிப்பவனுக்கு முதுகுப்புறம் இருக்கிற வலைக்குப் பின்னால், நேர் நடுவில் உட்காருவேன். பந்து பிடிப்பவன் விரலால் காட்டும் சைகையைப் பார்க்க வேண்டிய கர்டிஸ், அவன் தலைக்கு மேலாக என் முகத்தைப் பார்ப்பான்.

நான் தலையை ஆட்டுவேன். அல்லது ஆட்ட மாட்டேன்.

கிளம்பும் நாளில் பையை வண்டியில் போட்டுவிட்டு, தன் ஷூவைப் பார்த்துச் சொன்னான்: "அங்க மட்டும் நீங்க வர வேண்டாம்ப்பா."

எந்த அப்பன் கேட்பான்? வேஷக் கடையில் ஒரு மீசை வாங்கினேன்.

ஒஹையோவில் முதல் ஆட்டம். அதே மாதிரி வலை, அதே நடு நாற்காலி. பக்கத்தில் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்த அம்மாள் என் தோளைத் தட்டினாள். "பெரியவரே, உங்க மீசை என் சாப்பாட்டுல கெடக்கு. எடுத்துக்கறீங்களா, நானே தின்னுரட்டுமா?"

துடைத்து ஒட்டிக்கொண்டேன்.

அங்கே யாரும் அவனிடம் எதையும் மாற்றவில்லை. பந்தைக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

முதல் ஆள் மட்டையைச் சுழற்றிவிட்டு, போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்த பிறகுதான் பந்து கையுறையில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. பந்து பிடிப்பவன், சுடுகிறது என்று சமையலறைத் துணி கேட்டான். நடுவர் பந்தைக் கண்ணால் பார்ப்பதை விட்டு, மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்.

கடைசிப் பந்து. கர்டிஸ் நிமிர்ந்து, நேராக என் நாற்காலியைப் பார்த்தான்.

மீசைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு தடவை தலையை ஆட்டினேன்.

அவன் சிரித்தான். லொரெட்டாவின் சிரிப்பு, இடது பக்கம் கொஞ்சம் கோணல்.

வீசினான். அரங்கமே எழுந்து நின்றது.

அந்த மீசை இன்னும் உறை பிரிக்காமல் என் வண்டியில், ரேடியோவுக்குக் கீழே கிடக்கிறது. அன்றைக்கு வண்டியை அரங்கத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். ரேடியோவில் ஆட்டம் முடியும்வரை நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.