கம்பி வைத்த முழங்கால்

டிக்கோயா மைதானத்து வாசலில், பெண்கள் வரிசையில் நிற்கும் பவளராணியின் இடது முழங்காலுக்கு நேராக வந்ததும் போலீஸ்காரியின் கையிலுள்ள சோதனைக் கருவி கீச்சென்று கத்துகிறது. தேர்தல் கூட்டத்துக்கு வேட்பாளர் வர இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு ரோடு கேட்டு எழுதிய மனு அவள் கையில் தூறலில் நனைகிறது. ஆண்கள் பக்கம் சோதனை முடிந்து உள்ளே போய்விட்ட கணவன் சண்முகராஜா தடுப்புக்கு அப்பால் நின்று பதறுகிறான். "அது கம்பிங்க மிஸ். மலையில வழுக்கி விழுந்தப்ப ஆஸ்பத்திரியில வச்சது." போலீஸ்காரிக்குத் தமிழ் புரியாதென்று நினைத்து, தன் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, விரலால் கோடு இழுத்துக் காட்டுகிறான். வரிசையே சிரிக்கிறது. மழையங்கி போட்ட அந்தச் சிங்களப் போலீஸ்காரியும் சிரித்தபடி குந்தி, சேலைக்கு மேலாகவே முழங்காலில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். "வலி இருக்கா அம்மா?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்கிறாள். மூன்று வருஷமாக வீட்டில் யார் கேட்டாலும் இல்லையென்றே சொல்லிவந்த பவளராணி, அந்தச் சூடான கையின்மேல் தன் கையை வைக்கிறாள். "மேட்டுல ஏறுறப்ப வலிக்கும் மிஸ். தெனமும்." போலீஸ்காரி எழுந்து வழி விடுகிறாள். தடுப்பைத் தாண்டி வருபவளின் கையைச் சண்முகராஜா பிடித்துக்கொள்கிறான். "எங்கிட்ட ஏன் சொல்லல?" பவளராணி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "சொன்னா என் கொழுந்துக் கூடையையும் நீங்கதானே சுமப்பீங்க."