கண்டுகொள்ள வேண்டாதவை

மாலை வெயில் ஜன்னல் கம்பிகளை மேசைமேல் கோடுகோடாகச் சாய்த்து வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலைக்காக வீட்டுக் கணினியே கதியென்று கிடக்கும் அவள், வைரஸ் தடுப்பு மென்பொருளை மாற்றிப் பார்க்கிறாள். பழையது இத்தனை வருடத்தில் ஒரு குறையும் சொன்னதில்லை, அதுதான் உறுத்தல். சோதனைக்கு இறக்கிய புதியது கணினியைத் துழாவுகிறது. பெட்டிக்குள் விசிறி உறுமுகிறது. சமையலறையில் டம்ளர் கழுவும் கணவன், "பழசே போதும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!" என்கிறான். சிவப்பில் ஒரு வரி எழுகிறது: தட்டும் எழுத்தையெல்லாம் உடனுக்குடன் வேறொருவருக்கு அனுப்பும் நிரல். அழிக்கவா, விடவா? அவள் பழைய மென்பொருளைத் திறக்கிறாள். அங்கே, 'கண்டுகொள்ள வேண்டாதவை' என்ற பட்டியலில் அதே பெயர். பழையது இதை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டிரு என்று யாரோ அதனிடம் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் தேதி. அவள் அக்கா வீட்டில் போய்த் தங்கியிருந்த வாரம். இந்த வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

குழாய்ச் சத்தம் நிற்கிறது. அவன் ஈரக் கையைத் துடைத்தபடி அறை வாசலுக்கு வருகிறான். அவன் மூக்குக்கண்ணாடியில் சிவப்பு வரி சின்னதாய் மின்னுகிறது. துடைத்த கையையே மறுபடி துடைக்கிறான். "எதை வெச்சுக்கறதா இருக்கே?" என்கிறான். அவள் திரும்பவில்லை. எதையும் அழிக்கவுமில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறாள்: கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

அவன் சட்டைப்பையில் கைபேசி மெல்ல அதிர்கிறது.